மீனும் பிடிக்கோணும், குடும்பத்தோட சுத்தவும் போகோணும், எந்த போட் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருசமா கனடாவில எங்கட ஸ்காபரோ வீட்டு ட்ரைவ்வேயில ஏதாவது ஒரு போட் நிக்குது. அதால என்ன நடந்ததெண்டா, ஆற்ற கலியாண வீட்டுக்குப் போனாலும் சோத்துக் கோப்பையோட ஆரோ ஒராள் பக்கத்துக் கதிரையில வந்து இருந்து "அண்ணை, நாங்களும் ஒண்டு எடுப்பமோ எண்டு யோசிக்கிறம்" எண்டு துவங்குவார். கேள்வியள் அநேகமா அதே கேள்வியள்தான். போனில ஒவ்வொருத்தருக்கும் முக்கால் மணித்தியாலம் சொல்லிச் சொல்லி மனிசிக்கே பாடமாப் போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரு இடத்தில எழுதிவிடுறன். இது ஒன்ராறியோ மாகாணத்து ஏரியளை வைச்சு எழுதினது, வேற மாகாணத்தில இருக்கிறவை சட்ட விசயங்களை உங்கட பக்கத்தில கேட்டுப் பாருங்கோ.

போட் எடுக்கப்போறம் அண்ணை, எது நல்ல போட்?

இதுக்கு நான் திருப்பி மூண்டு கேள்வி கேப்பன். வழக்கமா எத்தினை பேர் ஏறுவீங்கள், எந்த ஏரிக்குப் போவீங்கள், எந்த வாகனம் இழுக்கும். பிராண்ட் கதை எல்லாம் அதுக்குப் பிறகுதான்.

நாலாவதா ஒண்டு இருக்கு, அதை ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. உங்கட வீட்டில மீன் பிடிக்காத ஆள் ஆர்? அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய் போட்டில ஏத்தி ஒரு பத்து நிமிசம் இருத்திப் பாத்திட்டு வாங்குங்கோ. என்ர முதல் போட் 16 அடி, பின்னுக்கு இருந்து கையால திருப்புற மோட்டர், பலகை மாதிரி மூண்டு இருக்கை, மீன் பிடிக்க அந்தமாதிரி. மனிசி ரெண்டே ரெண்டு தரம்தான் ஏறினவ, சாஞ்சு இருக்க ஒண்டுமில்லை, வெயிலுக்கு மறைப்பில்லை, அலை அடிச்சா முகத்தில தண்ணி. அம்மா வராட்டி நாங்களும் வரேல்ல எண்டு பிள்ளையளும் சொல்லிட்டினம், அந்த சமர் முழுக்க நான் தனியப் போய்த் தனிய வந்தனான். அடுத்த வருசம் வித்தாச்சு.

மீன்பிடி போட்டுக்கும் சும்மா சுத்துற போட்டுக்கும் அப்பிடி என்ன வித்தியாசம்? ரெண்டும் மிதக்கிறதுதானே?

மீன்பிடி போட்டில முன்னுக்கு மட்டமான ஒரு மேடை இருக்கும், அதில நிண்டு எறிவீங்கள். பிடிச்ச மீனை உயிரோட வைக்கிற தண்ணித் தொட்டி, தூண்டில் கம்பு படுக்க வைக்கிற நீளப் பெட்டி, முன் நுனியில சத்தமில்லாத குட்டி எலெக்ரிக் மோட்டர். இருக்கைக்கு இடம் குறைவு. சுத்துற போட், அதுதான் பவ்ரைடர் எண்டு சொல்லுறது, அதில முன்னுக்கும் பின்னுக்கும் மெத்தை, பின்னுக்கு நீந்தி ஏறுற தட்டு, நிண்டு தூண்டில் போடத்தான் இடமில்லை.

ரெண்டுக்கும் நடுவில ஒரு வகை வருது, ஃபிஷ் அண்ட் ஸ்கி எண்டு கேளுங்கோ. முன்பக்க மெத்தையைக் கழட்டினா மேடை, பின் வாங்கை மடிச்சா இன்னொரு மேடை, நடுவில முழு விண்ட்ஷீல்ட். காலமை ஆறு மணிக்கு மீன்பிடி போட், பதினொரு மணிக்கு மெத்தையைத் திரும்பப் போட்டா குடும்ப போட். ரெண்டு வேலையையும் ஒரு 80 வீதம் செய்யும், எதையும் நூறு வீதம் செய்யாது. குடும்பத்துக்கு ஒண்டுதான் வாங்கப்போறீங்கள் எண்டா இதைத்தான் நான் சொல்லுவன்.

அலுமினியமா, ஃபைபரா?

ஃபைபர் பாரம், அதால அலையில அடிச்சு விழாமல் வெட்டிக்கொண்டு போகும், வடிவாயும் இருக்கும். அலுமினியம் பாரம் குறைவு, இழுக்கிறது லேசு, சின்ன மோட்டர் காணும், எங்கட ஏரியளில தண்ணிக்குக் கீழ ஒளிச்சு நிக்கிற கல்லில முட்டினா அநேகமா நெளியும், ஃபைபர் எண்டா வெடிச்சு வாயைப் பிளக்கும். ஆனா அலுமினியம் சத்தம் கூட, அலை அடிக்கேக்க தகரத்தில தட்டின மாதிரிக் கேக்கும்.

என்ர ஓட்டு அலுமினியத்துக்கு. முதல்தரம் வாங்குறவை ரம்ப்பில, அதுதான் போட்டைத் தண்ணிக்குள்ள இறக்கிற சரிவில, முட்டுவினம், டொக்கில இடிப்பினம், அதை மறைக்க ஏலாது. அடிப்பக்கம் ஆழமான வி எழுத்து மாதிரி இருக்கிறதாப் பாருங்கோ. தட்டையான அடி எண்டா நிக்கேக்க ஆடாது, ஆனா அலைக்குள்ள ஓடேக்க பல்லெல்லாம் கிடுகிடுக்கும்.

எத்தினை அடி வேணும்? 16 காணாதே?

ரெண்டு பெரியாக்கள் ரெண்டு பிள்ளையள் எண்டா 16, 17 காணும். அஞ்சு ஆறு பேர் எண்டா 18 அடி. எங்கட ஆக்கள் எப்பிடியும் ஒராளைக் கூட்டித்தானே கொண்டுபோறது, அதோட பெரிய கூலர், ரோல்ஸ் பெட்டி, கொத்துரொட்டிப் பார்சல் எல்லாத்துக்கும் இடம் வேணும்.

ஸ்ரியரிங்குக்குக் கிட்ட ஒரு சின்ன அறிவித்தல் ஒட்டியிருக்கும், எத்தினை பேர், எத்தினை கிலோ, எத்தினை எச்பி (குதிரைவலு) மோட்டர் வரை எண்டு. அதில 7 பேர் எண்டு கிடந்தா ஏழு பேரும் ஏறலாம் எண்டு நினைக்காதேங்கோ, ஏழு பேர் இருக்கேக்க ஒருத்தரும் தூண்டில் எறிய ஏலாது, காதில கொழுவும். நான் அந்த இலக்கத்தில ரெண்டைக் கழிச்சுத்தான் பாக்கிறனான். இன்னொண்டு, 6 மீற்றருக்கு மேல நீளமான போட்டில அந்த அறிவித்தலில ஆக்கள் தொகை போடுறதில்லை. அதுக்காக எத்தினை பேரும் ஏறலாம் எண்டில்லை, கம்பனி குடுத்த புத்தகத்தைப் பாருங்கோ.

40 எச்பி மோட்டரோட ஒண்டு மலிவா வந்திருக்கு. ஊரில 25 எச்பியில கடலுக்கே போறாங்கள்தானே?

போறாங்கள்தான். ஆனா குருநகரில, பாசையூரில இருந்து போற ஃபைபர் போட் ஒல்லி, உள்ளுக்கு ஒண்டுமே இல்லை, விண்ட்ஷீல்ட் இல்லை, மெத்தை இல்லை. உங்கட போட்டில ஆறு பேரும் கூலரும் ஏறினாப் பிறகு 40 எச்பியால போட்டைத் தண்ணிக்கு மேல தூக்க ஏலாமல் போகும், முன்பக்கம் வானத்தைப் பாத்துக்கொண்டு உழுதுகொண்டு போகும், பெற்றோலும் கூடக் குடிக்கும்.

அறிவித்தலில இருக்கிற உச்ச எச்பியில முக்கால் பங்குக்குக் குறையாமல் எடுங்கோ. 16, 17 அடிக்கு 60 தொடக்கம் 90, 18 அடிக்கு 115 தொடக்கம் 150. பிள்ளையளைக் காத்தடிச்ச ரியூப்பில இருத்திப் பின்னால இழுக்கோணும் எண்டா 90க்குக் குறைய வேண்டாம். பெற்றோல் கணக்குக்கு ஒரு சுகமான வழி இருக்கு, முழு வேகத்தில மணித்தியாலத்துக்கு எச்பியில பத்தில ஒரு பங்கு அமெரிக்க கலன். 115 எண்டா பதினொண்டரைக் கலன், அதாவது கிட்டத்தட்ட 43 லீற்றர். ஆறுதலா ஓடினா இதில பாதிக்கும் குறையத்தான் போகும், ஆனா கடைசிப் பிள்ளை "அப்பா இன்னும் ஃபாஸ்ற்" எண்டு கத்தேக்க இந்தக் கணக்கை ஒருக்கா நினையுங்கோ.

பின்னுக்குத் தொங்குற மோட்டரா, உள்ளுக்க இருக்கிற எஞ்சினா?

தொங்குற மோட்டர். உள்ளுக்க இருக்கிற எஞ்சின் குளிருக்கு முதல் ஒழுங்காத் தண்ணி வடிச்சு அன்ரிஃப்ரீஸ் விடாட்டி ஒரே ஒரு கடுங்குளிர் இரவில உள்ளுக்க நிண்ட தண்ணி உறைஞ்சு விரிஞ்சு புளொக் வெடிச்சிடும். தொங்குற மோட்டரை நேரா நிமித்தி விட்டா தண்ணி தானா வடியும், எண்ணெய் மாத்துற மிச்ச வேலையை நீங்களே செய்யலாம். பின்பக்கத்தில எஞ்சின் பெட்டி இல்லாததால இடமும் மிச்சம்.

எந்த ஏரிக்குப் போறதெண்டு பாத்தா வாங்கோணும்?

ஓம், இதுதான் முக்கியம். சிம்கோ ஏரி எங்களுக்கு ஒரு மணித்தியாலம், பேர்ச் மீன் பிடிக்க அதைப்போல இல்லை, ஆனா நல்ல பெரிய ஏரி. கெம்பன்ஃபெல்ட் குடாவில 41 மீற்றர் ஆழம், மற்ற இடங்கள் அவ்வளவு இல்லை, அப்பிடிப்பட்ட ஏரியில காத்து அடிச்சா அலை உயரமா வராது, கிட்டக் கிட்ட வரும், ஒண்டில ஏறி இறங்க முதல் அடுத்தது முகத்தில. காலமை கண்ணாடி மாதிரிக் கிடந்த தண்ணி ரெண்டு மணிக்கு வெள்ளை வெள்ளையா நுரைக்கும். சிம்கோவுக்கு 17 அடிக்குக் குறையாத, ஆழமான வி அடி.

கவார்த்தா பக்கத்து ஏரியள், ரைஸ் லேக், ஸ்கூகொக் எல்லாம் சின்னன், ஆழமும் குறைவு, பாசி கூட. அங்க 16 அடியும் காணும். ரைஸ் லேக்கும் கவார்த்தா ஏரியளும் ட்ரென்ட் செவேர்ன் நீர்வழியில இருக்கு, ட்ரென்டனில இருந்து போர்ட் செவேர்ன் மட்டும் 386 கிலோமீற்றர். பிள்ளையளை ஒருக்காவாவது பீற்றபரோ லிஃப்ட் லொக்கில கொண்டுபோய் ஏத்துங்கோ, 1904இல திறந்தது, போட்டைத் தண்ணித் தொட்டியோட அப்பிடியே 20 மீற்றர் மேல தூக்கும். தூண்டிலைத் தொடாத என்ர மகள் இண்டைக்கும் கதைக்கிற ஒரே போட் பயணம் அதுதான்.

ஒன்ராறியோ ஏரி வேற கதை. ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க்கில இறக்கி சமன் மீனுக்குப் போறவை இருக்கினம், போட்டில இருந்தா ஆளுக்கு ரெண்டு தூண்டிலும் போடலாம். ஆனா அது 244 மீற்றர் ஆழம், கடல் மாதிரி. 18 அடியோட நல்ல நாள் பாத்துப் போகலாம், காத்து எண்டா வீட்டில இருங்கோ.

பொன்ரூன் எடுத்தா அம்மா அப்பாவும் வசதியா வருவினமே?

வருவினம். பொன்ரூன் எண்டது மிதக்கிற குழாய்களுக்கு மேல தட்டையா மேடை வைச்ச போட். உண்மையைச் சொன்னா வயசான ஆக்களுக்கு அதைப்போல ஒண்டில்லை. சாதாரண போட்டில ஏறுறதெண்டா விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கிக் கீழ இருக்கையில வைச்சு இறங்கோணும், என்ர மாமி ஒரு கையால சீலைக் கொய்யகத்தைத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு போட் ஆட ஆட "முருகா முருகா" எண்டு ஏறினதை நினைச்சா இப்பவும் எனக்கு வேர்க்கும். பொன்ரூனில கேற்றைத் திறந்து வீட்டுக்குள்ள போறமாதிரி நடந்து போகலாம்.

மீனும் பிடிக்கலாம், நாலு மூலையிலயும் நாலு பேர். ஆனா காத்தில அது பெட்டி மாதிரித் தள்ளுப்படும், ஓரிடத்தில நிப்பாட்டி வைக்கிறது கஷ்டம், ரெண்டு குழாய் இருக்கிறது சிம்கோ அலையில முன்பக்கத்தால தண்ணியை உள்ளுக்க அள்ளும். மூண்டு குழாய் வைச்சது பரவாயில்லை, விலையும் இழுக்கிற பாரமும் கூட. ரைஸ் லேக்கில கொட்டேஜ் இருக்கு, டொக்கிலயே விடப்போறன் எண்டா கண்ணை மூடிக்கொண்டு பொன்ரூன் வாங்குங்கோ. கிழமைக்குக் கிழமை இழுக்கப்போறன் எண்டா வேண்டாம்.

எங்கட வான் இழுக்குமா?

18 அடி அலுமினியம், 115 மோட்டர், பெற்றோல், ட்ரெயிலர், சாமான் எல்லாம் சேத்தா 1400 கிலோ பக்கம் வரும், 3100 பவுண்ட். ரொயோட்டா சியன்னா வான் இழுக்கிற அளவு 3500 பவுண்ட், கணக்குப்படி சரி, ஆனா உள்ளுக்க ஏழு பேரும் இருந்தா மூச்சு வாங்கும். ராவ்4 எண்டா அநேகமான மொடலுக்கு 1500, 1750 பவுண்ட்தான், கதையே இல்லை. ஹைலண்டர் வி6 5000 பவுண்ட், அது வசதி. உங்கட வாகனத்தின்ர கைநூலைப் பாருங்கோ, ட்ரெயிலர் கொழுவுற ஹிச் பூட்டியிருக்கு எண்டதால இழுக்கும் எண்டு அர்த்தமில்லை.

மொத்தப் பாரம் 1360 கிலோ அல்லது கூட எண்டா ட்ரெயிலருக்குத் தனி பிரேக் இருக்கோணும், அது சட்டம். பிறகு, முன் சில்லு இழுக்கிற வான் பாசி பிடிச்ச ரம்ப்பில சறுக்கும், அதைச் சனிக்கிழமை பத்து மணிக்கு பின்னால எட்டுப் பேர் நிக்கேக்க கண்டுபிடிக்காமல் ஒரு கிழமை நாளில போய்ப் பழகுங்கோ.

நாங்கள் வல்வெட்டித்துறை ஆக்கள் அண்ணை, இந்தக் குளத்துக்கே பயப்பிடுறது?

வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இல அமெரிக்காவில குளோஸ்டர் மட்டும் பாய் விரிச்சுப் போனது, அந்தப் பெருமை எனக்கும் இருக்கு, ஆனா அதை ஓட்டினது நீங்களும் நானும் இல்லை. இந்த ஏரியளின்ர அலை எப்பிடியெண்டு ஏரிக் கேள்வியில சொல்லிட்டன். அதைவிடப் பெரிசு குளிர். மே மாசம் வெளியில 25 பாகை இருக்கும், தண்ணி ஐஸ் மாதிரி. மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொல்லிக்குடுக்கிற கணக்கு 1, 10, 1. கடுங்குளிர்த் தண்ணியில விழுந்தா மூச்சைக் கட்டுப்படுத்த ஒரு நிமிசம், கை கால் சொல்வழி கேக்கிறது பத்து நிமிசம், குளிரில நினைவு போக ஒரு மணித்தியாலம். பத்து நிமிசத்துக்குப் பிறகு நீச்சல் தெரிஞ்சும் பிரயோசனமில்லை, லைஃப் ஜாக்கெட்தான் தலையைத் தூக்கி வைக்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டில இருந்தாக் காணும்தானே? ஊதி வாற மெல்லிசான ஒண்டு இருக்கே, அது பிள்ளையளுக்கும் சரியோ?

ஒவ்வொருத்தருக்கும் அளவான ஒண்டு போட்டில இருக்கோணும் எண்டது சட்டம். என்ர போட்டில பூட்டாட்டி மோட்டர் ஸ்ராட் பண்ணமாட்டன், மேல சொன்ன பத்து நிமிசத்தில ஆர் அதைத் தேடி எடுத்துப் பூட்டுறது. ஊதி வாறது 16 வயசுக்கு மேலயும் 36.3 கிலோவுக்கு மேலயும் உள்ள ஆக்களுக்கு மட்டும்தான். பிள்ளையளுக்கு நுரை வைச்ச பழைய மாதிரித்தான் வாங்கோணும்.

என்னென்ன லைசன்ஸ் வேணும்?

மோட்டர் போட் ஓட்டுற ஆளுக்கு ஒப்பரேற்றர் கார்ட், 2009 செப்ரெம்பரில இருந்து எல்லா வயசுக்கும் கட்டாயம், ஒன்லைனில சோதினை எழுதலாம், ஒருக்கா எடுத்தாச் சீவியத்துக்கும் காணும். மனிசியும் எடுக்கட்டும், நீங்கள் மீனோட மல்லுக்கட்டேக்க ஆர் ஓட்டுறது? போட்டுக்கு, 10 எச்பி அல்லது கூட எண்டா, இலக்கம் எடுத்து முன்பக்கம் ரெண்டு பக்கமும் எழுதோணும். மீனுக்கு 18 தொடக்கம் 64 வயசு வரை அவுட்டோர்ஸ் கார்ட்டும் மீன்பிடி லைசன்ஸும்.

2022 ஜனவரியில இருந்து இன்னொரு சட்டமும் இருக்கு. ஏரியில இருந்து எடுத்த போட்டை ரோட்டில இழுக்க முதல் ட்ரெயின் பிளக்கை, அதுதான் போட்டின்ர பின்பக்க அடி ஓட்டையை அடைக்கிற ஆணியை, கழட்டித் தண்ணி முழுக்க வடிக்கோணும், அடியில ஒட்டின பாசியையும் எடுக்கோணும், வெளியூர்ச் சிப்பி ஒரு ஏரியில இருந்து மற்றதுக்குப் பரவாமல் இருக்க.

போட்டில பியர் குடிக்கலாமோ?

இந்த வகை போட்டில ஏலாது. படுக்க, சமைக்க, ரொய்லெற் போக நிரந்தர வசதி மூண்டும் இருக்கிற போட், அதுவும் நங்கூரம் போட்டோ டொக்கில கட்டியோ நிக்கேக்க மட்டும்தான் ஒன்ராறியோவில அனுமதி. "நான் ஓட்டேல்ல, சும்மா இருக்கிறன்தானே" எண்டதும் செல்லாது. கூலரில தேசிக்காய்த் தண்ணி வையுங்கோ.

அண்ணை, ரொய்லெற்றுக்கு என்ன செய்யிறது?

இதை ஆம்பிளையள் ஒருத்தரும் கேக்கிறேல்ல, அக்காமார்தான் தனியக் கூப்பிட்டுக் கேக்கினம், போட் வீட்டில சும்மா நிக்கிறதுக்கு முதல் காரணமும் இதுதான் எண்டு நான் நினைக்கிறன். 18 அடியில ரொய்லெற் இல்லை. நாங்கள் ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மரீனாவிலயோ பார்க்கிலயோ ஒதுக்குவம், மீன் நல்லாக் கடிக்குது எண்டு ஒரு நாளும் பிந்தினதில்லை.

பழைய போட் மலிவா வருது, என்னத்தைப் பாக்கிறது?

மச்சானும் நானும் சேந்து ஒரு மார்ச் மாசம் 17 அடி ஃபைபர் போட் ஒண்டு தனியாள் ஒருத்தரிட்ட வாங்கினனாங்கள். வெளியில பனி, போட் மேல தார்ப்பாய், உள்ளுக்குப் புதுக் காப்பெற். புதுக் காப்பெற் ஏன் போட்டவர் எண்டு ரெண்டு பேரும் கேக்கேல்ல. ஜூன் மாசம் மச்சான் பேர்ச் ஒண்டைத் தூக்கிக்கொண்டு பின்னுக்கு அடி வைக்க, குதிக்கால் அப்பிடியே நிலத்துக்குள்ள போச்சு, கீழ இருந்த பலகை ஊறின பிஸ்கற் மாதிரி.

ஆனபடியா நிலம் முழுக்க குதிக்காலால அமத்தி நடவுங்கோ. மோட்டரை நிமித்திப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டுங்கோ, பின்பலகை அசைஞ்சா விட்டிட்டு வாங்கோ. மோட்டரின்ர கீழ்ப்பகுதி எண்ணெய் பால்தேத்தண்ணி நிறத்தில இருந்தா உள்ளுக்க தண்ணி போகுது. பின்பக்கம் வலது மேல் மூலையில 12 எழுத்து இலக்கம் இருக்கும், கடைசி ரெண்டும் மொடல் வருசம், விக்கிற ஆள் சொல்லுற வருசத்தோட ஒத்துப் பாருங்கோ. கடன் ஏதும் அதில கிடக்கோ எண்டும் தேடிப் பாக்கலாம். முக்கியமா, தண்ணியில இறக்கி ஓடிப் பாக்காமல் காசு குடுக்கவேண்டாம், பனிக்காலத்தில விக்கிறவரிட்ட மே மாசம் வாறன் எண்டு சொல்லுங்கோ. காப்பெற்றை விட வைனல் நிலம் நல்லம், மீன் ரத்தம் கழுவினாப் போகும், காப்பெற் எண்டா ஓகஸ்ற் மாசம் மீன் சந்தை மணம்.

ரெண்டு குடும்பம் சேந்து வாங்கினா மிச்சம்தானே?

காசு மிச்சம். இன்சூரன்ஸ், குளிருக்கு மூடி வைக்கிற செலவு, ரயர் எல்லாம் பாதி. ஆனா லோங் வீக்கெண்ட் பாதியாகாது, ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே சனிக்கிழமைதான் வேணும். மச்சான் வீட்டுக்காரருக்கு ரியூப், எங்களுக்கு மீன். ஆற்ற பேரில இலக்கம், ஆற்ற ட்ரைவ்வே, ஆர் பெற்றோல் நிரப்பிக் குடுக்கிறது, ஒராள் விலகினா மற்றவர் என்ன விலைக்கு எடுக்கிறது, இதெல்லாத்தையும் வாங்க முதல் ஒரு பேப்பரில எழுதுங்கோ, சொந்தமெண்டா கட்டாயம் எழுதுங்கோ.

நாங்கள் எழுதினனாங்கள், ஒண்டைத் தவிர. ட்ரெயின் பிளக்கைக் கழட்டோணும் எண்டு மேல சொன்னன்தானே, அதைத் திரும்பப் பூட்டுறது ஆர் எண்டு எழுதேல்ல. கெஸ்விக் பக்கம் ரம்ப்பில இறக்கிட்டு மச்சான் நான் பூட்டினதா நினைச்சார், நான் அவர் பூட்டினதா நினைச்சன், மாமி சப்பாத்துக்கு மேல தண்ணி வந்தாப் பிறகுதான் ரெண்டு பேரும் ஒராளை ஒராள் பாத்தம். இப்ப போட் தனிய என்ர, 18 அடி அலுமினியம். மாமி இன்னும் வாறவ, ஆனா ஏற முதல் "தம்பி, அந்த ஆணி பூட்டியாச்சோ" எண்டு கேட்டு, குனிஞ்சு தானே பாத்திட்டுத்தான் காலைத் தூக்குவா.